டச் ஸ்க்ரீன் மேல நிஜ ஜாய்ஸ்டிக், பட்டன் வைக்கிறது பத்தி: ஏன் சில நேரம் மட்டும் வேலை செய்யுது?

பிக்சல்பையன்:
வணக்கம் மக்களே. போன்ல ஷூட்டிங் கேம் ஆடும்போது எனக்கு ஒரே பிரச்சனைதான், இடது கட்டைவிரல் ஸ்க்ரீன்ல இருக்கிற ஜாய்ஸ்டிக் வட்டத்தை விட்டு எப்ப நழுவுதுன்னே தெரிய மாட்டேங்குது, கண்ணு எதிரி மேல இருக்கு, விரல் எங்கயோ போயிடுது, ஓடிட்டு இருந்த ஆளு திடீர்னு நின்னுடுறான், அதோட ஆட்டம் முடிஞ்சுது. சக்ஷன் கப் வச்சு ஸ்க்ரீன்ல ஒட்டுற ஜாய்ஸ்டிக் ஒண்ணு வாங்கினேன், கொஞ்ச நேரத்துலயே வழுக்கிட்டு நகர்ந்துடுது.

சரின்னு நானே ஒண்ணு செஞ்சேன். பேனா மூடியை ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு வெட்டி, மேலயும் அடியிலயும் சேர்த்து அலுமினிய ஃபாயில் சுத்தினேன். சூப்பரா வேலை செஞ்சுது. ஆனா கட்டைவிரல் படுற இடத்துல ஃபாயில் கிழிஞ்சுகிட்டே இருந்துச்சு, அதனால மேல இருந்ததை எடுத்துட்டு அடியில மட்டும் விட்டேன். அதுக்கப்புறம் எவ்ளோ அழுத்தினாலும் ஒண்ணும் நடக்கல. ஃபாயில் ஸ்க்ரீனை தொட்டுட்டுதான் இருக்கு, அப்புறம் ஏன்?

சாலிடர்மணி:
தம்பி, அழுத்தத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. பழைய ரெசிஸ்டிவ் ஸ்க்ரீன்லதான் அழுத்தினா வேலை நடக்கும், குச்சியால குத்தினாலும் போதும். இப்ப இருக்கிறது கெப்பாசிட்டிவ். கண்ணாடிக்கு அடியில கண்ணுக்குத் தெரியாத கம்பி வலை மாதிரி எலக்ட்ரோடு ஓடுது, நம்ம உடம்பு மின்சாரம் கடத்தும், விரல் பக்கத்துல வந்தா அந்த இடத்துல கெப்பாசிட்டன்ஸ், அதாவது மின்னூட்டத்தை தேக்கி வைக்கிற அளவு, கொஞ்சூண்டு மாறும், அந்த மாற்றத்தைத்தான் போன் டச்சுன்னு எடுத்துக்குது. நீங்க மேல் ஃபாயிலை எடுத்ததும் விரலுக்கும் அடி ஃபாயிலுக்கும் நடுவுல ஒரு சென்டிமீட்டர் பிளாஸ்டிக் வந்து உக்காந்துடுச்சு. உங்க உடம்போட தொடர்பு இல்லாத துண்டு ஃபாயில் ஸ்க்ரீன் மேல சும்மா கிடக்கிற மாதிரிதான்.

மெல்லிசா ஒரு சுத்து டேப் இருந்தா பரவாயில்ல, ஸ்க்ரீன் கார்டு ஒட்டின பிறகும் டச் வேலை செய்யுதே, அதே கதைதான். தடிமனா எதுவும் நடுவுல வரக்கூடாது, அவ்ளோதான்.

அலுமினியத்துக்கு பதிலா காப்பர் டேப் வாங்குங்க, சீக்கிரம் கிழியாது. மேல விரல் படுற இடத்துல ஆரம்பிச்சு பக்கவாட்டுல இறங்கி அடி வரைக்கும் ஒரே துண்டா போகட்டும். அடிப்பாகம் தட்டையா, சின்ன விரல் நுனி அளவுக்கு, ஒரு 7, 8 மில்லிமீட்டராவது இருக்கணும், ரொம்ப சின்னதா இருந்தா போன் கண்டுக்காது. அப்புறம் வெறும் உலோகத்தை கண்ணாடியில தேய்க்காதீங்க, நடுவுல தூசி மாட்டினா கோடு விழும். பழைய ஸ்டைலஸ் (டச் ஸ்க்ரீன்ல எழுதுற பேனா) இருந்தா அந்த கருப்பு ரப்பர் நுனியை கழட்டி அடியில மாட்டுங்க, அது கடத்துற ரப்பர், வழுவழுன்னு நகரும்.

ரெட்ரோராஜி:
சக்ஷன் கப் நகர்றதுக்கு காரணம் வேற. அது மேல இழுத்தா பிடிச்சுக்கும், ஆனா நீங்க ஜாய்ஸ்டிக்கை பக்கவாட்டுலதானே தள்ளுறீங்க, அப்ப அதை தடுக்கிறது உராய்வு மட்டும்தான். போன் கண்ணாடி மேல விரல் ரேகை ஒட்டாம இருக்க ஒரு பூச்சு வேற இருக்கும். நல்லா துடைச்சு கப்பை லேசா ஈரம் பண்ணி ஒட்டினா கொஞ்சம் நேரம் கூட நிக்கும், முழுசா தீராது. அதனால போன் விளிம்புல கவ்வுற கிளிப் டைப் பாருங்க.

இன்னொண்ணு, கேம் செட்டிங்ல ஜாய்ஸ்டிக்கை "ஒரே இடத்துல நிலையா" இருக்கிற மாதிரி மாத்தினீங்களா? தொட்ட இடத்துல எல்லாம் வட்டம் புதுசா தோணுற மோட்ல இருந்தா எந்த அட்டாச்மென்ட்டும் சரியா வராது.

என் அனுபவத்துல சொல்றேன், ஜாய்ஸ்டிக்கை விட எனக்கு நிஜமா உதவினது ட்ரிகர்தான். போன் மேல் ஓரத்துல மாட்டுற எல்1, ஆர்1 கிளிப், அதாவது இடது, வலது பக்கத்துக்கு ஒவ்வொரு பட்டன். லேஅவுட்ல சுடுற பட்டனை மேல் மூலைக்கு இழுத்து வச்சுட்டேன், இப்ப ஆள்காட்டி விரல் சுடுது, கட்டைவிரல் குறி பார்க்க மட்டும். முன்னாடி சுடணும்னா குறி பார்க்கிற விரலையே எடுக்கணும், அங்கதான் தோத்துட்டே இருந்தேன். அந்த "டக்"ங்கிற கிளிக் விரல்ல தெரியறது எவ்ளோ நிம்மதின்னு ஆடிப் பார்த்தாதான் புரியும். மாட்டும்போது வால்யூம் பட்டன் மேல உக்காராம பாத்துக்கோங்க.

கேபிள்குமரன்:
ஒட்டுறது கவ்வுறது எல்லாம் விட்டுட்டு கண்ட்ரோலர் வாங்கிடுங்க ப்ரோ. ஆண்ட்ராய்டு 3.1ல, அதாவது 2011லயே கேம்பேட் சப்போர்ட் வந்துடுச்சு, ஐபோன்ல 2013ல ஐஓஎஸ் 7, அப்புறம் 2019ல ஐஓஎஸ் 13 வந்ததும் பிஎஸ்4, எக்ஸ்பாக்ஸ் கண்ட்ரோலரே ப்ளூடூத்ல கனெக்ட் ஆகுது. போனை நடுவுல வச்சு ரெண்டு பக்கமும் பிடிக்கிற டைப் சி மாடல் இருந்தா இன்னும் நல்லது, கம்பி வழியா போறதால தாமதம் குறைவு. எமுலேட்டர்ல, அதாவது பழைய கேம் மெஷின் மாதிரியே போனை நடந்துக்க வைக்கிற ஆப்ல, பழைய கேம் ஆடுறவங்களுக்கு இதை மிஞ்சி எதுவும் இல்ல.

ரெட்ரோராஜி:
குமரன், கேம் சப்போர்ட் பண்ணணுமே, அதையும் சொல்லுங்க. கால் ஆஃப் டூட்டி மொபைல்ல கண்ட்ரோலர் ஓடும், ஆனா கண்ட்ரோலர் வச்சிருக்கிறவங்களை தனியா சேர்த்து விளையாட விடுவாங்க. சப்போர்ட் இல்லாத கேம்ல கண்ட்ரோலர் பட்டனை டச்சா மாத்துற ஆப் போட்டா அக்கவுண்ட் போகுற ஆபத்து இருக்கு, வருஷக்கணக்கா ஏத்தின லெவல் அது. ஆனா காப்பர் டேப் போட்ட மூடியில ஆப் எதுவும் இல்ல, போனுக்கு அது வெறும் விரல்தான்.

பிக்சல்பையன்:
மணி அண்ணா, காப்பர் டேப்பும் ஸ்டைலஸ் நுனியும் போட்டேன், நேத்து ராத்திரி ரெண்டு மணி நேரம் ஆடினேன், ஒரு தடவை கூட விடல! ராஜி சொன்ன செட்டிங்கும் மாத்திட்டேன். ட்ரிகர் அடுத்து. ஒரு சந்தேகம் மட்டும், சார்ஜ் போட்டுட்டே ஆடினா ஆளு தானா அங்க இங்க திரும்புறான்?

சாலிடர்மணி:
சார்ஜர்ல இருந்து வர்ற மின் இரைச்சல் அது. டச் சென்சார் பார்க்கிறது ரொம்ப சின்ன மாற்றத்தைத்தானே, இரைச்சல் அதோட கலந்துடுது. விரல் வச்சாலே சில சார்ஜர்ல இப்படி ஆகும். போனோட வந்த சார்ஜர்ல போட்டுப் பாருங்க, அப்பவும் வந்தா சார்ஜை ஏத்தி முடிச்சுட்டு கழட்டி வச்சு ஆடுங்க.