ரீஇன்ஸ்டாலுக்கு ஒரு தமிழ்ச்சொல்: வெள்ளி மாலைக்குள் வேண்டும்

ஹட்டன், கணினி வகுப்பு ஆசிரியர்:

எல்லோருக்கும் வணக்கம். சனிக்கிழமை வகுப்புக்கான கைநூலை வெள்ளி மாலை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். பழைய மடிக்கணினியில் பணிசெயல் முறைமையை (ஒப்பரேட்டிங் சிஸ்டம்) மறுபடி புதிதாக ஏற்றுவது, அதாவது ரீஇன்ஸ்டால் செய்வது எப்படி என்பதே பொருள். வகுப்பிலுள்ள கணினிக்கு நினைவகம் 2 ஜிபி, உள்ளே சுழலும் வன்தட்டு. பொத்தானை அழுத்திவிட்டுப் பிளேன்டீ குடித்து முடித்தாலும் திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. 11ஆம் பதிப்போ குறைந்தது 4 ஜிபி நினைவகமும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் கேட்கிறது. ஆகையால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற பணிசெயல் முறைமையில் இலகுவான ஒன்றை ஏற்றப் போகிறோம்.

கரும்பலகையில் ‘மீள்நிறுவல்’ என்று எழுதினேன். முன்வரிசை மாணவி ஒருத்தி கையை உயர்த்தி, “சேர், எந்தத் தேற்றத்தை?” என்று கேட்டாள். அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. நம்முடைய கணித பாடநூல்களில் ‘நிறுவுக’ என்றால் நிரூபித்துக் காட்டு என்று பொருள். இத்தனை ஆண்டுகளாக அவள் அந்தச் சொல்லைத் தேற்றங்களுக்கு அடியில்தான் பார்த்திருக்கிறாள். வேறு சொல் உண்டா?

பேராதனை:

ஐயா, வேறு சொல் தேடுமுன் இந்தச் சொல்லின் புணர்ச்சியைப் பார்ப்போம். நன்னூல் 227ஆம் நூற்பா ‘மெலி மேவின் னணவும்’ என்கிறது: ல், ள் என்பவற்றின் பின் மெல்லினம் வந்தால் அவை ன், ண் ஆகும். தொழில், நுட்பம் இரண்டும் சேர்ந்து தொழினுட்பம் ஆவது இந்த விதியால்தான். உங்கள் பாடநூலின் அட்டையிலேயே ‘தகவல் தொடர்பாடல் தொழினுட்பம்’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். அங்கே விதியை ஏற்றுக்கொண்டவர்கள் இங்கே ‘மீணிறுவல்’ என்றுதான் எழுத வேண்டும்.

நானுஓயா, கணினி திருத்துபவர்:

மீணிறுவல் என்று எழுதினால் மீன் பிடிக்கும் வலை என்று நினைத்துக்கொள்வார்கள் ஐயா. என்னிடம் கணினி கொண்டுவருகிற ஒருவரும் நிறுவல் என்று சொல்வதில்லை. “தம்பி, விண்டோஸ் போட்டுத் தாருங்கள்” என்பார்கள். விளங்குகிற ‘போடுதல்’ இருக்கும்போது விளங்காத சொல்லை ஏன் கட்டி இழுக்க வேண்டும்?

பண்டாரவளை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

தம்பி, நகையும் போடுகிறோம், சட்டையும் போடுகிறோம், சண்டையும் போடுகிறோம். எல்லாவற்றையும் சுமக்கிற சொல் கலைச்சொல்லாக நில்லாது. நில் என்பதிலிருந்து நிறு, நிறுவிலிருந்து நிறுவு. நிற்கச் செய்வதே நிறுவுதல். தராசில் நிறுப்பதும் அதே வேர்தான். முள்ளை நடுவில் நிற்கச் செய்கிறோம். நிறை, நிறுத்தம், நிறுவனம், நம் நாட்டில் வழங்கும் நிறுவகம், எல்லாம் ஒரே குடும்பம். தேற்றத்தை நிறுவுவதும் அதை அசையாமல் நிற்கச் செய்வதுதான். அந்தப் பிள்ளைக்கு இதைச் சொல்லிக்கொடுத்தால் இரண்டு பாடமும் ஒன்றாகிவிடும். சொல்லை மாற்றத் தேவையில்லை.

தமிழ்நாட்டு நண்பர்கள் ‘மறுநிறுவல்’ என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மறுத்தல் என்றால் இல்லை என்பது. மறு என்றால் களங்கம், குறளில் திங்களின் முகத்தில் இருப்பது. மீள்பார்வை, மீளாய்வு, மீள்குடியேற்றம் என்று நாம் பழகிய மீள் போதும்.

பேராதனை ஐயாவுக்கு ஒரு வார்த்தை. மீள்நிறுவல் வினைத்தொகை. கொல்களிறு கொற்களிறு ஆவதில்லை.

பேராதனை:

களிற்றில் வருவது வல்லினம். நான் சொன்னது மெல்லினம். செல், நெறி சேர்ந்தால் சென்னெறி.

பண்டாரவளை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

நம் பல்கலைக்கழகக் கட்டுரைகளில் ‘செல்நெறி’ என்று எழுதுகிறார்களே. நீங்களும் அப்படித்தான் எழுதுகிறீர்கள்.

கொட்டகலை:

இரண்டு ஐயாமாரும் என்னை மன்னிக்க வேண்டும். நாளை வியாழன்.

என் அம்மா தோட்டத்தில் முப்பது வருடம் கொழுந்து பறித்தவர். நம்மிடம் ஒரு சொல் ஏற்கனவே இருக்கிறது: கவ்வாத்து. தேயிலை வயதேறி மட்டம் உயர்ந்து, கொழுந்து குறைந்து, பஞ்சியாக, அதாவது வளராத மொட்டாகத் தள்ளும்போது முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுகிறார்கள். உயர்ந்த மலைகளில் நான்கைந்து வருடத்துக்கு ஒருமுறை. வெட்டிய அன்று பார்த்தால் மலை முழுவதும் விறகுக்குச்சி நட்டதுபோல் இருக்கும். சில மாதத்தில் அதே வேரிலிருந்து இளந்தளிர் வரும். இந்தக் கணினிக்கு நாம் செய்வது வேறென்ன? கவ்வாத்து என்று ஒரு தடவை சொன்னால் லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், இருக்கிற பாட்டிக்கும் விளங்கும்.

பேராதனை:

அக்கா, உவமை அழகானது. ஆனால் அகராதியில் கவாத்து என்றால் படைப்பயிற்சி. அரபுச் சொல், உருது வழியாக வந்தது. சிப்பாய்களை ஒரே வரிசையில் நிறுத்துவதுபோல் செடிகளை ஒரே மட்டத்துக்கு வெட்டுவதால் அந்தப் பெயர் வந்திருக்கலாம் என்று நினைக்கிறேன். கலைச்சொல் ஆக்க உட்கார்ந்துவிட்டு ஆங்கிலத்தை நீக்கி உருதுவை உள்ளே விடுவதா?

பண்டாரவளை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

கவை என்றால் பிளவுபட்ட கிளை. கவட்டை, கவண், கவடு எல்லாம் அங்கிருந்தே. கவ்வாத்தும் அந்த வழியில் வந்த தமிழ்ச்சொல்லே என்பது என் கருத்து. கவைக்கு மேலேதான் வெட்டுகிறார்கள்.

கொட்டகலை:

எங்கிருந்து வந்தாலும் நூறு வருடத்துக்கு மேலாக நம் வாயில் இருக்கிறது. ‘சிதைந்தன வரினும் இயைந்தன வரையார்’ என்று தொல்காப்பியரே வாசலைத் திறந்து வைத்திருக்கிறார். இந்தச் சொல்லுக்கு நாம் கையில் தழும்பு வாங்கியிருக்கிறோம். அதைவிடப் பெரிய உரிமைப்பத்திரம் எது?

நானுஓயா, கணினி திருத்துபவர்:

அக்கா, உங்கள் சொல் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் தொழிலில் ஒரு சிக்கல். விண்டோஸை மீட்டமைக்கப் போனால் திரை இரண்டு வழி காட்டும். ஒன்றில் நம் கோப்புகள் அப்படியே இருக்கும், செயலிகள் மட்டும் போகும். மற்றதில் எல்லாம் போகும். லினக்ஸ் ஏற்றும்போதும் ‘வட்டை அழித்து நிறுவு’ என்று ஒரு தெரிவு தனியாக வரும். கவ்வாத்தில் வேர் சாவதில்லை. இதில் எதை நீங்கள் கவ்வாத்து என்கிறீர்கள்?

கொட்டகலை:

கோப்பை வைத்துக்கொள்வதைத்தான். சில மலைகளில் வெட்டும்போது ஒரு கொப்பை மட்டும் இலையோடு விட்டுவைப்பார்கள், செடி மூச்சுவிட. அந்தக் கொப்பு நம் படங்களும் பாடக்குறிப்புகளும்.

பேராதனை:

அப்படியானால் எல்லாவற்றையும் அழிப்பது மீள்நடுகை. பழைய மலையை வேரோடு பிடுங்கிக் கன்று வைப்பது. விண்டோஸை எடுத்து லினக்ஸ் வைப்பதோ அதையும் தாண்டியது. 1869இல் இலைநோய் தொடங்கிக் கோப்பி அழிந்தபின் அதே நிலத்தில் தேயிலை வைத்தார்களே, அதுபோன்றது. மூன்று செயல், மூன்று சொல்.

(மீள்நடுகையையும் விதிப்படி மீணடுகை என்றே எழுத வேண்டும்.)

பண்டாரவளை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

சொல் ஒருபுறம் இருக்கட்டும், கைநூலில் ஒரு பக்கம் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவுக்கு ஒதுக்குங்கள். சென்ற வருடம் என் கணினியைப் புதுப்பித்த பிறகு இருபது வருட வினாத்தாள்களைத் திறந்தேன். ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து கொட்டிக் கிடந்தன. கோப்பு ஒன்றும் அழியவில்லை, எழுத்துரு மட்டும் இல்லை. அது தெரியாமல் இரண்டு நாள் தூங்கவில்லை. எழுத்துருக் கோப்பையும் பென் டிரைவில் எடுத்துவைக்கச் சொல்லுங்கள். நேரம் கிடைத்தால் ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றிவிடச் சொல்லுங்கள்.

ஹட்டன், கணினி வகுப்பு ஆசிரியர்:

ஐயா, அந்தப் பக்கத்தைச் சேர்த்துவிட்டேன்.

நான் ஏன் இந்தச் சொல்லை இவ்வளவு தேடுகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தேற்றம் என்று கேட்ட அதே பிள்ளை, போன தவணையில் தன் அண்ணனின் மடிக்கணினியை ஒரு கடைக்குக் கொண்டுபோனாள். மெதுவாக இருக்கிறது, ரீஇன்ஸ்டால் செய்து தாருங்கள் என்றாள். கடையில் ஃபார்மட் செய்துவிட்டார்கள். இரண்டும் ஒன்றென்று அவளும் நினைத்திருந்தாள், அவர்களும் கேட்கவில்லை. வகுப்பில் என் முன்னால்தான் திறந்தாள். திரை சட்டென்று வந்ததும் சிரித்தாள். பிறகு படங்களின் கோப்புறையைச் சொடுக்கினாள். ‘இந்தக் கோப்புறை வெறுமையாக உள்ளது’ என்று வந்தது. மூடிவிட்டு மறுபடி திறந்தாள். நான்கு முறை திறந்தாள். அவளுடைய அப்பாயி பெரட்டுக்களத்தில், தோட்டத்தில் காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கிற இடத்தில், நிற்கிற படம் அதில் மட்டும்தான் இருந்தது.

ஆகவே எனக்கு வேண்டியது, எது போகும் எது நிற்கும் என்பதைப் பொத்தானை அழுத்துமுன் சொல்லிவிடுகிற சொல். கோப்புகள் தங்குவதற்கு ‘மீள்நிறுவல்’, எல்லாம் போவதற்கு ‘அழித்து நிறுவல்’ என்று வைத்துக்கொள்ளலாமா? இரண்டாவதில் அழித்தல் முதலிலேயே நிற்கிறது. கண்ணுக்குத் தப்பாது.

நானுஓயா, கணினி திருத்துபவர்:

எனக்குச் சம்மதம் சேர். என் கடை ரசீதிலும் இந்த இரண்டையும் அச்சிட்டு, வருகிறவரிடம் ஒன்றைக் கோடிடச் சொல்லப் போகிறேன்.

பண்டாரவளை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

சம்மதம். ‘அழித்து நிறுவல்’ தொடராகத்தான் இருக்கிறது, சொல்லாக இறுகவில்லை. கைநூலுக்கு இது போதும்.

பேராதனை:

பொருளில் சம்மதம். எழுத்தில் இல்லை. மீணிறுவல் என்பதே சரி என்று பதிவுசெய்கிறேன்.

கொட்டகலை:

அச்சுக்குக் கொடுங்கள் சேர், நான் தடுக்கவில்லை. ஆனால் சம்மதம் என்றும் எழுத மாட்டேன். ‘மீள்நிறுவல்’ வருகிற இடத்தில் அந்தப் பிள்ளை மறுபடி கையை உயர்த்தினால், கவ்வாத்து என்று ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.