அதிகம் கேட்டது நான், பொருள் மட்டும் வரவில்லை: ரகசிய ரிசர்வ் விலை அனுபவங்கள்

பழைய ஃபிலிம் கேமராக்கள் என்றால் எனக்கு உயிர். போன மாதம் ஆன்லைன் ஏலத்தில் ஒரு இரட்டை லென்ஸ் கேமரா வந்தது. தோல் உறை, லென்ஸ் மூடி, கையேடு எல்லாம் அப்படியே இருந்தன. ஆரம்ப விலையும் ரொம்பக் குறைவு. ஏழு நாள் ஏலம். ஏழு நாளும் காலையில் கண் விழித்ததும் அந்தப் பக்கத்தைத்தான் திறந்தேன். போட்டிக்கு இரண்டு பேர் இருந்தார்கள், அதில் ஒருவர் நான்காம் நாளே விலகிவிட்டார். கடைசி நிமிடத்தில் நான்தான் முன்னால் இருந்தேன். நேரம் முடிந்தது. பொருள் நம்முடையது என்று நினைத்துப் பார்த்தால், "ரிசர்வ் விலை எட்டப்படவில்லை" என்று ஒரே ஒரு வரி. ரிசர்வ் என்றால் இதற்குக் கீழே விற்க மாட்டேன் என்று விற்பவர் வெளியே சொல்லாமல் வைக்கும் எல்லை. ஏலம் அதைத் தொடாவிட்டால் பொருள் விற்காது.

அந்த வரி முதல் நாளிலிருந்தே விலைக்குக் கீழே சின்ன எழுத்தில் இருந்திருக்கிறது. சரி, கவனித்திருந்தாலும்தான் என்ன? எல்லை இன்னும் எவ்வளவு தூரம் என்று அது சொல்லாது. இந்த ஏலத்தை நம்பிப் பணத்தை ஒதுக்கி வைத்திருந்ததால், அதே வாரம் வந்த இன்னொரு கேமராவையும் விட்டுவிட்டேன். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

*

எனக்கு நடந்தது வேறு மாதிரி. ஒரு தொலைநோக்கிக்கு ஏலம் கேட்டேன். பொதுவாக நம் அதிகபட்சத் தொகையைச் சொல்லிவிட்டால், எதிராளியை முந்த எவ்வளவு தேவையோ அவ்வளவுதான் கணினி நமக்காக ஏற்றும். மிச்சம் நம் பையிலேயே இருக்கும். நானும் அந்த நம்பிக்கையில்தான் தாராளமாக ஒரு தொகை போட்டேன். போட்ட அடுத்த கணமே விலை கிட்டத்தட்ட இரண்டு மடங்காகத் தாவியது. விற்பவரே வேறு பெயரில் வந்து ஏற்றுகிறார் என்று நினைத்துப் புகார் எழுதவே உட்கார்ந்துவிட்டேன்.

எழுதுவதற்கு முன் ஏலப் பட்டியலைத் திறந்து பார்த்தேன். அந்த நிமிடத்தில் என்னைத் தவிர யாரும் கேட்கவில்லை. அப்புறம்தான் விஷயம் புரிந்தது. ஈபே தளத்தின் விதியே இதுதான்: விலை 210இல் நிற்கிறது, ரிசர்வ் 400, நீங்கள் அதிகபட்சம் 450 என்று போடுகிறீர்கள் என்று வையுங்கள். விலை 212, 215 என்று நகராது, நேராக 400இல் போய் நிற்கும். ஆகவே விலை திடீரென்று தாவினால் பதறாமல் முதலில் பட்டியலைப் பாருங்கள். அந்த நேரத்தில் வேறு ஆள் யாரும் இல்லையென்றால் நீங்கள் தொட்டது ரிசர்வாக இருக்கலாம்.

கடைசி நொடியில் கேட்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. ரிசர்வ் உள்ள ஏலத்தில் அது கை கொடுக்காது. உங்கள் தொகை எல்லையைத் தொடவில்லை என்று தெரியும்போது மறுபடி கேட்க நேரமே இருக்காது.

*

நான் விற்றவன் பக்கம். என் மாமா விட்டுப்போன டைப்ரைட்டர் ஒன்றை ஏலத்தில் போட்டேன். ஆரம்ப விலை குறைவாக இருந்தால்தான் ஆள் சேரும் என்று எல்லோரும் சொன்னார்கள். ஆனால் மாமா முப்பது வருஷம் தட்டிய மெஷின் அடிமாட்டு விலைக்குப் போய்விடுமோ என்ற பயமும் விடவில்லை. அதனால் ரகசிய ரிசர்வ் வைத்தேன்.

முதல் மூன்று நாள் நல்ல கூட்டம். பதினோரு பேர் கேட்டார்கள். அப்புறம் விலை ஒரே இடத்தில் நின்றுவிட்டது. இரண்டு பேர் "ரிசர்வ் எவ்வளவு என்று சொல்ல முடியுமா?" என்று எழுதினார்கள். சொன்னால் என் பிடி போய்விடும் என்று பதில் போடவில்லை. இன்றைக்கும் அதை நினைத்து வருந்துகிறேன். மெஷின் விற்கவில்லை, ரிசர்வ் வைப்பதற்குக் கட்டிய கட்டணமும் திரும்பி வரவில்லை.

இரண்டாம் முறை அதே தொகையை வெளிப்படையாக ஆரம்ப விலையாகவே வைத்தேன். வந்தது மூன்றே பேர்தான். ஆனால் மூவரும் வாங்கவே வந்தவர்கள். நான் மனதில் வைத்திருந்ததைவிடக் கொஞ்சம் கூடவே போனது.

இது என் அனுபவம் மட்டுமல்ல என்று பிறகு படித்தேன். கட்கர், ரெய்லி என்ற இரண்டு ஆய்வாளர்கள் போக்கிமான் கார்டுகளை ஈபேயில் ஏலம் விட்டுப் பார்த்து, முடிவை 2006இல் வெளியிட்டார்கள். ஒரே மாதிரியான கார்டுகளில் 50 ஜோடி. ஜோடியில் ஒன்றுக்குக் குறைந்தபட்ச விலையை வெளியே சொன்னார்கள், மற்றொன்றுக்கு அதே விலையை ரகசியமாக வைத்தார்கள். ரகசியமாக வைத்த கார்டுகள்தான் குறைவாக விற்றன. விற்பவருக்கு அதனால் நஷ்டம்தான். வாங்க வந்தவருக்கு எல்லை தெரியாதபோது அவர் தெரிந்த இடத்துக்குப் போய்விடுகிறார், அவ்வளவுதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

*

ரகசிய ரிசர்வை முழுக்கத் தப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நேரடி ஏலக்கூடங்களில் பல வருஷம் வாங்கியிருக்கிறேன். வியாபாரிகள் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு, ஒருவர் மட்டும் கேட்க மற்றவர்கள் வாயைத் திறக்காமல் இருப்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். வெளியே தெரியாத ஒரு எல்லை அந்தக் கூட்டணியிடமிருந்து விற்பவரைக் காப்பாற்றும்.

ஆனால் அங்கே வாங்குபவருக்கும் ஒரு பிடி உண்டு. ஏலத்துக்கு வரும் பொருட்களின் பட்டியலில் மதிப்பீடாகக் கீழ், மேல் என்று இரண்டு தொகை போட்டிருப்பார்கள். ரிசர்வ் பொதுவாக அதில் கீழ்த்தொகையைத் தாண்டாது. ஆளே கேட்காதபோதும் ரிசர்வ் வரைக்கும் ஏலக்காரர் தானே விலை சொல்லிக்கொண்டு போவார். கூரையில் தொங்கும் சரவிளக்கைப் பார்த்துச் சொல்வதால் அதற்குச் சரவிளக்கு ஏலம் என்றே பெயர். பழகியவருக்கு அவர் குரலிலேயே தெரிந்துவிடும். திரையில் அந்தக் குரலும் இல்லை, மதிப்பீடும் இல்லை. ரகசியம் வைக்கும் விற்பனையாளர் ஒரு மதிப்பீட்டையாவது எழுத வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன்.

*

ரிசர்வ் எவ்வளவு என்று விற்பவரிடமே கேட்டுவிடுங்கள், அதுதான் நல்லது. நான் ரிசர்வ் உள்ள ஏலம் என்றால் முதல் நாளே விற்பவருக்கு எழுதிவிடுவேன். சிலர் தொகையைச் சொல்வார்கள், சிலர் "இன்னும் பாதி தூரம்கூட வரவில்லை" என்று கோடி காட்டுவார்கள். பதிலே வராவிட்டால் விலகிவிடுவேன். ஏலம் முடிந்தபின் விற்பவரே கூப்பிட்டு விலை பேசினால், தளத்துக்குள்ளேயே பேசி முடியுங்கள். வெளியே பணம் அனுப்பச் சொன்னால் வேண்டாம். பொருள் வராமல் போனால் தளத்தின் பாதுகாப்பு உங்களுக்குக் கிடைக்காது.

*

கேமராக்காரன் மறுபடி வந்திருக்கிறேன். நேற்று இரவு விற்பவருக்கு எழுதினேன். இன்று காலை பதில் வந்தது. நான் கேட்டதற்கும் அவர் ரிசர்வுக்கும் நடுவே இருந்தது என் கடைசி இரண்டு ஏற்றம் அளவுதான். "ரிசர்வ் எவ்வளவு என்று ஏழு நாளில் ஒருவர்கூட என்னிடம் கேட்கவில்லை, எல்லை ரொம்பத் தூரம் என்று நினைத்து விலகிவிட்டார்கள் போல" என்று எழுதியிருந்தார். ரிசர்வை எடுத்துவிட்டு, அந்தத் தொகையையே ஆரம்ப விலையாக வைத்து மறுபடி போட்டிருக்கிறார். என்னால் முடிந்த அதிகபட்சத்தை ஒரே முறையில் போட்டுவிட்டேன். இன்னும் நான்கு நாள் இருக்கிறது.