ட்ரைவோல் காசு வரவில்லை: பில்டிங் மேல் லீன் போடலாமா? (ஒன்ராறியோ)

போர்ட்_லொறி:
வணக்கம். கனடாவில் ஸ்காபரோவில் ட்ரைவோல் (உட்சுவர்ப் பலகை), ஸ்டட் (அதைத் தாங்கும் சட்டம்) மொத்தமாக விற்கிறோம். ஒரு பிளாசா திருத்த வேலைக்கு சப்-கொன்ட்ராக்டர் (பிரதான கொன்ட்ராக்டருக்குக் கீழ் வேலை செய்பவர்) ஒருவர் கடனுக்குச் சாமான் எடுத்தார். கடைசி லொறி ஜூன் 3. அப்புறம் ஜூன் 20இல் ஒரு பெட்டி ஸ்குரூவும் கொஞ்சம் கோர்னர் பீடும் மட்டும். பில் ஜூன் 30, தவணை 60 நாள். கேட்டால், "ஓனர் எங்களுக்கே இன்னும் தரவில்லை, வந்தால் முதல் செக் உங்களுக்குத்தான்" என்கிறார். ஓனரை நான் கண்டதுகூட இல்லை. லீன், அதாவது வர வேண்டிய காசுக்காக அந்தக் காணி, கட்டடம் மேல் உரிமை பதிவது, போட முடியுமா? தவணை முடியும்வரை பொறுக்க வேண்டுமா?

தமிழன்_416:
சாமான் வாங்கியவர் சப். ஓனருக்கும் உங்களுக்கும் என்ன தொடர்பு? ஸ்மோல் கிளெய்ம்ஸ் கோர்ட்டுக்கு (சிறு தொகை வழக்கு மன்றம்) போங்கள்.

கணக்கு_அக்கா:
தொடர்பு இருக்கிறது தம்பி. ஓனரோடு ஒப்பந்தம் இல்லாதவருக்கும் காணி மேல் உரிமை கொடுக்கத்தான் ஒன்ராறியோவின் கட்டுமானச் சட்டம் இருக்கிறது. சாமான் அந்த வேலைக்காகப் போயிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

போர்ட்_லொறி அண்ணை, தவணை முடியும்வரை பொறுக்கவே வேண்டாம். லீனைப் பதிய 60 நாள்தான். அது பில் தேதியிலிருந்து ஓடாது, நீங்கள் கடைசியாகச் சாமான் கொடுத்த நாளிலிருந்து ஓடும். ஜூன் 3 என்றால் ஆகஸ்ட் 2, ஜூன் 20 என்றால் ஆகஸ்ட் 19. உங்கள் தவணையோ ஆகஸ்ட் 29. நல்ல பிள்ளையாய்த் தவணைவரை இருந்தால் லீன் செத்துவிடும். நான் கடன் வசூல் மேசையில் இருக்கிறேன். "வந்ததும் தருகிறேன்" என்பவர்கள் எல்லாரும் கள்ளர் இல்லை, ஆனால் அவர்கள் சொல்லும் தேதி எப்போதும் அறுபதாம் நாளுக்கு அப்பால்தான் விழும்.

இன்னொன்று: பிரதான ஒப்பந்தத்துக்கு 'வேலை பெரும்பாலும் முடிந்தது' என்ற சான்றிதழ் அதற்கு முன்பே வெளியாகியிருந்தால், அதுவரை கொடுத்த சாமானுக்கு நாள் அங்கிருந்து ஓடும். அதையும் தேடிப் பாருங்கள்.

போர்ட்_லொறி:
நன்றி அக்கா. எங்கள் கடன் படிவத்திலேயே "லீன் போட மாட்டோம்" என்று ஒரு வரி சேர்த்துக் கையெழுத்து வாங்கிவிட்டார்களே? அப்புறம், முழுக்காசும் வருமா?

கணக்கு_அக்கா:
அந்த வரி செல்லாது. சட்டம் தரும் உரிமையை ஒப்பந்தத்தில் எழுதி விட்டுக்கொடுக்க முடியாது.

முழுக்காசு வருமா என்பது வேறு கதை. ஒவ்வொரு கொடுப்பனவிலும் 10 சதவீதத்தை மேலே இருந்து காசு கொடுப்பவர் பிடித்து வைக்க வேண்டும். சப்புக்குப் போக வேண்டிய காசு ஏற்கனவே போய்விட்டிருந்தால், அந்தப் பிடிப்பில்தான் உங்கள் பங்கு, அதிலும் மற்ற லீன்காரர்கள் வருவார்கள். பதிந்தால் மட்டும் போதாது. அந்த 60 நாள் முடிந்ததிலிருந்து 90 நாளுக்குள் வழக்குத் தொடுத்து அதன் சான்றிதழையும் காணிப் பதிவில் ஏற்ற வேண்டும். தொகையைக் கூட்டிப் போடாதீர்கள், அது உங்களுக்கே செலவாய்த் திரும்பும். ஓனரிடமும் பிரதான கொன்ட்ராக்டரிடமும் ஒப்பந்த விபரமும் கணக்கும் எழுத்தில் கேளுங்கள். 21 நாளுக்குள் தர வேண்டும்.

இப்போது டெலிவரி சிலிப்புகளை எடுங்கள். பிளாசாவின் விலாசம் எதில் இருக்கிறது? இறக்கும்போது யார் கையெழுத்துப் போட்டார்?

போர்ட்_லொறி:
ஜூன் 3 சிலிப்பில் விலாசமும் அங்கு நின்ற சூப்பர்வைசரின் கையெழுத்தும் இருக்கிறது. ஜூன் 20 சாமானை அவர்களுடைய பொடியன் கடைக் கவுண்டரில் வந்து எடுத்தான். சிலிப்பில் கம்பனிப் பெயர் மட்டும்.

கணக்கு_அக்கா:
அப்படியென்றால் ஜூன் 20ஐ மறந்துவிடுங்கள். அந்த ஸ்குரூ எந்தச் சுவரில் ஏறியது என்று உங்களால் காட்ட முடியாது. ஜூன் 3ஐ வைத்து, ஜூலைக்குள்ளேயே பதிகிற மாதிரி ஒரு கட்டுமானச் சட்டத்தரணியை நாளைக்கே பிடியுங்கள். சிலிப்பின் அசலைக் கொடுக்காதீர்கள், பிரதி போதும்.