புது கார்டு போட்டும் அதே 24 ஃப்ரேம்: ஃப்ளைட் சிமுலேட்டருக்காக கணினியோடு மல்லுக்கட்டிய கதைகளைச் சொல்லுங்கள்

விமானம் ஓட்டிய நேரத்தைவிட செட்டிங்ஸ் திரையில் உட்கார்ந்திருந்த நேரம்தான் எனக்கு அதிகம். முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் ஒவ்வொருவராக உங்களுடையதைப் போடுங்கள்.

கணினியில் விமானம் ஓட்டும் மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2020 (சுருக்கமாக சிம்) வைத்திருக்கிறேன். ஆளில்லாத மலைப்பகுதியில் சின்ன செஸ்னாவில் பறந்தால் ஒரு குறையும் இருக்காது. ஏர்பஸ்ஸை எடுத்துக்கொண்டு லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் இறங்கப் போனால்தான் ஆரம்பிக்கும். ரன்வே நெருங்க நெருங்க படம் திக்கித் திக்கி வரும். நொடிக்கு 24 ஃப்ரேம் (அதாவது 24 படம்), 23, மூக்கைத் தூக்கவேண்டிய நொடியில் 19. அந்த நொடியில் படம் நின்றால் இறங்குவது எங்கே, விழுவதுதான். கிராபிக்ஸ் கார்டு பழசாகிவிட்டது என்று நானே தீர்ப்பு எழுதி, புதுசு வாங்கி மாட்டி, ஆசையாக மறுபடி அதே ஹீத்ரோவுக்குப் போனேன். 24.

டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் பிராசசர் 20 சதவீதம்தான் ஓடுகிறது என்கிறது. அப்படியென்றால் பிராசசர் சும்மாதான் இருக்கிறது, சிக்கல் வேறெங்கோ என்றுதான் எவருக்கும் தோன்றும். நான் ஏமாந்த இடம் அதுதான். என்னுடையது 8 கோர், 16 த்ரெட், அதாவது ஒரே நேரத்தில் 16 வேலை வரிசைகளை ஓட்டக்கூடியது. அதில் ஒரே ஒரு த்ரெட் மூச்சுமுட்ட ஓடினாலும் மொத்தக் கணக்கில் அது 6 சதவீதம் சொச்சமாகத்தான் தெரியும். விமானத்தின் இயக்கக் கணக்கு, காக்பிட் திரைகள், சுற்றியுள்ள மற்ற விமானங்கள், அடுத்த ஃப்ரேமில் எதையெல்லாம் வரைவது என்ற பட்டியல், இவற்றில் பெரும்பகுதி மெயின் த்ரெட் ஒன்றின் தலையில்தான் விழுகிறது. அது முடித்துக் கொடுக்கும்வரை கார்டு எவ்வளவு பெரியதாக இருந்தாலும் கைகட்டிக்கொண்டு நிற்கவேண்டியதுதான். எட்டு மாடு கட்டியும் இழுப்பது ஒன்று.

இதைக் கண்டுபிடிக்க நான் பெரிதாக எதுவும் செய்யவில்லை. டெவலப்பர் மோடை ஆன் செய்து, அதிலுள்ள ஃப்ரேம் கவுண்டரைத் திறந்தால் தடை மெயின் த்ரெட்டா, கிராபிக்ஸ் கார்டா என்று அதுவே எழுதிக் காட்டுகிறது. நம்பாமல் ரெசல்யூஷனைப் பாதியாகக் குறைத்தும் பார்த்தேன், ஃப்ரேம் அசையவே இல்லை. கார்டு காரணமாக இருந்திருந்தால் அங்கே எகிறியிருக்க வேண்டும். இந்த ஐந்து நிமிடச் சோதனையை கார்டு வாங்குவதற்கு முன்னால் செய்திருக்கலாம், சரி, விடுங்கள்.

பிறகு தரைக் காட்சி எவ்வளவு தூரம்வரை நுணுக்கமாக வரவேண்டும் என்று சொல்லும் டெரெய்ன் லெவல் ஆஃப் டீடெய்ல் ஸ்லைடரை 200இலிருந்து 100க்கு இறக்கினேன். விமான நிலையத்து வண்டிகள், நிறுத்தி வைத்த விமானங்கள் எல்லாவற்றையும் குறைத்தேன். காக்பிட் திரைகளின் புதுப்பிப்பு வேகத்தை ஒரு படி தாழ்த்தினேன். இப்போது அதே இடத்தில் 34, 35. கார்டுதான் சும்மா இருக்கிறதே என்று மேகங்களை மட்டும் அல்ட்ராவில் ஏற்றிவிட்டேன், ஃப்ரேம் ஒன்றுகூடக் குறையவில்லை.

* * *

என்னுடையது ரேம் கதை, கொஞ்சம் வெட்கக்கேடு. 3600 வேகம் என்று அட்டையில் அச்சடித்த ரேமை வாங்கி மாட்டி, ஒன்றரை வருடம் 2133இல் ஓட்டியிருக்கிறேன். கணினியின் அடிப்படை செட்டிங்ஸான பயாஸில் போய், ரேமை அச்சடித்த வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பி என்கிற ப்ரொஃபைலை நாமே ஆன் செய்யவேண்டும் என்று எனக்குத் தெரியாது. போதாக்குறைக்கு இரண்டு ஸ்டிக்கையும் பக்கத்துப் பக்கத்து ஸ்லாட்டில் செருகியிருந்தேன், அதாவது இரண்டும் ஒரே சேனலில், பிராசசருக்குப் போகும் ஒரே பாதையில். நான்கு ஸ்லாட் உள்ள மதர்போர்டு பெரும்பாலானவற்றில் இரண்டாவதும் நான்காவதும்தான் சரியான ஜோடி.

மாற்றியபிறகு சராசரி ஃப்ரேம் ரேட் ஒன்றும் வானத்துக்குப் போய்விடவில்லை. ஆனால் நகரத்துக்கு மேலே வளையும்போது வரும் அந்த வெட்டு வெட்டான தடுமாற்றம் போய்விட்டது. மேலே சொன்ன மெயின் த்ரெட் ஓயாமல் நினைவகத்தைத் தொட்டுக்கொண்டே இருப்பதால், அங்கே காத்திருக்கும் நேரம்தான் நமக்குத் தடுமாற்றமாகத் தெரிகிறது என்று புரிந்துகொண்டேன். 2022இல் ரைசன் 7 5800எக்ஸ்3டி பிராசசர் வந்தபோது சிம் ஆட்கள் அப்படிக் கொண்டாடியதும் இதனால்தான். கடிகார வேகம் அதன் முந்தைய சிப்பைவிடக் குறைவு, ஆனால் பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகமான எல்3 கேஷ் மட்டும் 96 எம்பி.

ஒன்று மட்டும் சொல்லவேண்டும். எக்ஸ்எம்பி போட்ட முதல் வாரத்தில் நடுக்கடலுக்கு மேல் இரண்டு முறை சிம் மூடிக்கொண்டது. மற்ற விளையாட்டுகள் எல்லாம் ஒழுங்காகத்தான் ஓடின. ராத்திரி முழுக்க ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் நிரலை ஓடவிட்டதில் பிழைகள் வரிசையாக வந்தன. வேகத்தை 3400க்கு இறக்கியபின் இன்றுவரை தொல்லை இல்லை. ஆறு மணி நேரம் விடாமல் ஓடும் சிம்தான் கணினிக்கு உண்மையான பரீட்சை.

* * *

மானிட்டர் கேபிளை கிராபிக்ஸ் கார்டில் செருகாமல் மதர்போர்டின் எச்டிஎம்ஐயில் செருகிவிட்டு, கார்டு சும்மா கிடப்பது தெரியாமல் மூன்று நாள் டிரைவரை அழிப்பதும் போடுவதுமாக இருந்தேன். இவ்வளவுதான் என் கதை. சிரித்து முடித்துவிட்டு உங்கள் கேபிளையும் ஒரு தடவை எட்டிப் பாருங்கள்.

* * *

நான் 2006இல் வந்த எஃப்எஸ்எக்ஸ், அதாவது மைக்ரோசாஃப்டின் ஃப்ளைட் சிமுலேட்டர் எக்ஸ் காலத்து ஆள். அப்போது ஸ்லைடரை யார் நம்பினார்கள், எல்லாம் செட்டிங்ஸை எழுதிவைக்கும் எஃப்எஸ்எக்ஸ் டாட் சிஎஃப்ஜி கோப்புதான். எங்கேயாவது யாராவது ஒரு வரி எழுதிவிட்டால் அதை அப்படியே கொண்டுவந்து ஒட்டிவிடுவேன். எந்த வரி என்ன செய்கிறது என்று கேட்டால் தெரியாது. நாற்பது வரி சேர்ந்திருக்கும், ஒன்றுக்கொன்று அடித்துக்கொண்டு.

நான்கு மணி நேரம் பறந்து, ரன்வே விளக்கு கண்ணில் படும் நேரத்தில் நினைவகம் போதவில்லை என்று ஒரு பெட்டி வந்து எல்லாம் முடிந்துவிடும். நினைவகம்தானே என்று 4 ஜிபியை 8 ஜிபி ஆக்கினேன். மறுநாளும் அதே இடத்தில் அதே பெட்டி. எஃப்எஸ்எக்ஸ் 32 பிட் நிரல். கணினியில் எவ்வளவு ரேம் இருந்தாலும் அந்த நிரலால் 4 ஜிபி முகவரிக்கு மேல் தொடமுடியாது. வழியெல்லாம் ஏற்றிய காட்சிகள் சேர்ந்துகொண்டே வந்து, கடைசியில் பெரிய விமான நிலையம் வந்து இறங்கும்போது இடம் தீர்ந்துவிடும். 2017இல் ப்ரிபேர்3டி என்ற இன்னொரு சிம்மின் நான்காம் பதிப்பு 64 பிட்டாக வந்ததும் நான் முதலில் கவனித்தது படத்தை அல்ல, அந்தப் பெட்டி வராததைத்தான்.

எஃப்எஸ்எக்ஸில் கடைசியில் எனக்குக் கைகொடுத்தது என்ன தெரியுமா? ஒரு நாள் வெறுத்துப்போய் அந்தக் கோப்பையே அழித்துவிட்டேன். சிம்மைத் திறந்ததும் அதுவே புதிதாக ஒன்று எழுதிக்கொண்டது. அதில் நினைவகக் கோளாறுக்கான ஹைமெம்ஃபிக்ஸ்=1 என்ற வரியை மட்டும் சேர்த்தேன், டெக்ஸ்சரை (பொருள்களின் மேல் ஒட்டும் படங்களின் அளவை) 4096இலிருந்து 1024க்கு இறக்கினேன், ஃப்ரேமை 30க்குக் கட்டிப்போட்டேன். கட்டிப்போடாமல் விட்டால் பிராசசர் முழுதும் படம் வரைவதிலேயே போய்விடும், தரையை ஏற்ற நேரம் கிடைக்காது, கீழே எல்லாம் சேறு பூசின மாதிரி மங்கலாகக் கிடக்கும். நாற்பது வரி செய்யாததை இந்த மூன்றும் செய்தன.

* * *

லேப்டாப்பில் ஓட்டுபவர் யாராவது இருக்கிறீர்களா? எனக்கு முதல் பத்து நிமிடம் 40 ஃப்ரேம், அப்புறம் சொல்லிவைத்தாற்போல 22. புறப்படும்போது ராஜா மாதிரி, இறங்கும்போது பிச்சைக்காரன் மாதிரி. சூட்டைக் காட்டும் ஒரு சின்ன நிரலைத் திறந்துவைத்துப் பறந்தேன். 97 டிகிரி, அதைத் தொட்டதும் 4 கிகாஹெர்ட்ஸில் ஓடிய பிராசசர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள 2.4க்கு இறங்கிவிடுகிறது.

மூடியைத் திறந்தால் விசிறிக்குப் பின்னால் தூசி கம்பளி மாதிரி படிந்திருந்தது. அதை எடுத்தேன், பின்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கி வைத்தேன், பவர் ஆப்ஷனில் பிராசசரின் உச்ச அளவை 100இலிருந்து 99 ஆக்கினேன். அந்த ஒரு சதவீதம்தான் சூட்சுமம், என் மெஷினில் அது பிராசசர் தானாக வேகத்தை ஏற்றிக்கொள்ளும் டர்போவையே நிறுத்திவிடுகிறது. இப்போது 40 வருவதில்லை, 32தான். ஆனால் எடுத்ததிலிருந்து இறங்கும்வரை அதே 32.

* * *

ஃப்ரேம் அல்லாத ஒரு தொல்லை. இரண்டு மணி நேரம் ஆட்டோபைலட்டில் போயாயிற்று, ஜாய்ஸ்டிக்கை நான் தொடவே இல்லை. 1,000 அடியில் ஆட்டோபைலட்டை எடுத்தேன். இடது, வலது, எதற்கும் அசைவில்லை. சும்மாதானே இருக்கிறது என்று விண்டோஸ் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க அந்த யுஎஸ்பியைத் தூங்கவைத்திருக்கிறது! கீபோர்டில் தட்டித் தட்டி இறக்கியதை இறக்கம் என்று சொல்லமுடியாது. டிவைஸ் மேனேஜரில் ஒவ்வொரு யுஎஸ்பி ரூட் ஹப்பையும் திறந்து, பவர் மேனேஜ்மென்டில் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க இதை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்தால் சரியாகிவிடும். எனக்கு ஒரு பெரிய அப்டேட்டுக்குப் பிறகு டிக் திரும்ப வந்திருந்தது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

* * *

ஆரம்பித்தவன் மறுபடி வருகிறேன். உங்களுடையதைப் படித்துவிட்டு ரேம் ஸ்லாட்டைப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. எக்ஸ்எம்பி ஆஃப்! அதைப் போட்டதில் இன்னும் மூன்று ஃப்ரேம், மெம்டெஸ்ட்டும் சுத்தம்.

இடையில் நானே ஒரு வினையைத் தேடிக்கொண்டேன். கார்டு காலியாக இருக்கிறதே என்று டெக்ஸ்சரையும் அல்ட்ராவுக்கு ஏற்றினேன். முதல் விமான நிலையத்தில் பிரமாதம், இரண்டாவதில் ஃப்ரேம் 7. கார்டின் 8 ஜிபி நினைவகம் நிரம்பி வழிந்து, மிச்சம் சாதாரண ரேமுக்குப் போய்விட்டது, ஒவ்வொன்றையும் அங்கிருந்து இழுத்து வரவேண்டும். ஒரு படி இறக்கியதும் சரியாகிவிட்டது. கார்டின் வேகம் வேறு, அதன் நினைவகம் வேறு என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

எஃப்எஸ்எக்ஸ் அண்ணா சொன்ன மாதிரி நானும் 30க்குக் கட்டிவிட்டேன். என் மானிட்டர் 60 ஹெர்ட்ஸ், நொடிக்கு 60 முறை திரையைப் புதுப்பிக்கும், அதனால் ஒவ்வொரு படமும் சரியாக இரண்டு முறை திரையில் வரும், 33 மில்லிசெகண்டுக்கு ஒன்று. 45க்கும் 28க்கும் நடுவில் ஊசலாடுவதைவிட இது கண்ணுக்கு எவ்வளவோ மேல். சோதித்துப் பார்க்க ஹீத்ரோவில் ஒரே ரன்வே, ஒரே நேரம், ஒரே மேகமூட்டம் வைத்து ஒரு ஃப்ளைட்டை சேவ் செய்துவைத்திருக்கிறேன். எதை மாற்றினாலும் ஒன்றை மட்டும் மாற்றி அதில் ஓட்டிப் பார்க்கிறேன். முன்பெல்லாம் ஒரே மூச்சில் ஆறை மாற்றிவிட்டு எது வேலை செய்தது என்று தெரியாமல் முழிப்பேன்.

யுஎஸ்பி சொன்ன நண்பருக்கு: எனக்கு நான்கு ரூட் ஹப் இருந்தன, எல்லாவற்றிலும் டிக் எடுத்தாயிற்று. எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் என் த்ரோட்டில் நெம்புகோல் மட்டும் பாதியில் நிறுத்தினால் தானாக இரண்டு மூன்று சதவீதம் துடிக்கிறது. உள்ளே நெம்புகோலின் நிலையை அளக்கும் பொட்டென்ஷியோமீட்டர் தேய்ந்திருக்கும் என்று நினைக்கிறேன். யாராவது பிரித்துச் சுத்தம் செய்திருந்தால் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை ஸ்க்ரூ டிரைவரோடு உட்காரப் போகிறேன்.