கட்டணத்தை அரசு கட்டுகிறது, பிறகு மடிக்கணினி எதற்கு என்பவர்களுக்கு

தெற்குவாசல்:
தமிழ்நாட்டு அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியலில் 7.5 விழுக்காடு ஒதுக்கீடு கிடைத்து, கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்றுக்கொண்ட பிறகு மடிக்கணினியும் கேட்பது பேராசை என்றும், கணினி நிரல் எழுதக் கைபேசியே போதும் என்றும் கொற்றவன் வேறோர் இழையில் எழுதியிருக்கிறார். 2021ஆம் ஆண்டுச் சட்டத்தால் இடம் கிடைத்தது உண்மை. ஆனால் ஆய்வகத்தை மாலையில் பூட்டியபின், சொந்தக் கணினி உள்ளவன் இரவெல்லாம் பயிற்சி செய்கிறான். இல்லாதவன் குறிப்பேட்டில் நிரலை எழுதிப் பார்க்கிறான். நான்காம் ஆண்டில் வேலைவாய்ப்புத் தேர்வுக்கு இருவரும் ஒரே அறையில் அமர்கிறார்கள்.

கொற்றவன்:
நான் சொன்னதையே மீண்டும் சொல்கிறேன். பைத்தான் என்ற நிரல்மொழியில் நிரலைக் கைபேசியில் எழுதி இயக்க முடியும். முயற்சி இல்லாதவர்களுக்குத்தான் கருவி குறையாகத் தெரியும்.

தெற்குவாசல்:
பத்து வரி நிரலை இயக்கலாம், யாரும் மறுக்கவில்லை. கைபேசிச் செயலிகளை உருவாக்கப் பயன்படும் ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவே கைபேசியில் ஓடாது, கணினியிலும் குறைந்தது 8 ஜிபி நினைவகம் கேட்கும். இதற்கு விடை சொல்லாமல் மாணவனின் முயற்சியைக் குறை சொல்வது அநியாயம்.

குறிஞ்சிமலர்:
2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த கணினிகள் எத்தனை வீடுகளில் படம் பார்க்கப் பயன்பட்டன என்பதையும் பேசுங்கள். என்னைக் கேட்டால், ஆங்கிலப் பாடநூல்தான் முதல் தடை. அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் கட்டடவியலையும் இயந்திரவியலையும் தமிழ்வழியில் தொடங்கியதே, கணினி அறிவியலை அப்போதே ஏன் தொடங்கவில்லை?

தெற்குவாசல்:
பணக்கார வீட்டுப் பிள்ளையும் கணினியில் படம் பார்க்கிறான். அவனிடமிருந்து யாரும் அதைப் பறிப்பதில்லை. ஏழைக்குக் கொடுத்ததற்கு மட்டும் கணக்குக் கேட்பது என்ன நியாயம்? தமிழ்வழிக் கல்வியைப் பற்றித் தனி இழை தொடங்குங்கள். இங்கே கைபேசி போதுமா என்பதுதான் கேள்வி.

கொற்றவன்:
இழையில் எதைப் பேசலாம் என்று தீர்மானிக்கும் உரிமையை உங்களுக்கு யார் தந்தது? கல்விக்கடன் விவாதத்திலும் இப்படித்தான் எல்லோரையும் அதட்டினீர்கள். பொறியியல் சேர்க்கைக்கு இருந்த நுழைவுத்தேர்வை நீக்கியதிலிருந்தே தரம் சரிந்துவிட்டது; கணினி கொடுத்து அதை நிமிர்த்த முடியாது.

தெற்குவாசல்:
நுழைவுத்தேர்வுப் பயிற்சிக்குப் பணம் கட்ட முடிந்தவர்கள்தான் அந்தத் தரத்தைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள். 2025ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் கல்லூரி மாணவர்கள் 20 இலட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் மடிக்கணினி அல்லது கைக்கணினி என்று அரசே அறிவித்தது. கைபேசி போதுமென்றால் அரசு ஏன் அப்படி அறிவிக்க வேண்டும்?

குறிஞ்சிமலர்:
என் கேள்விக்கு இருவருமே விடை சொல்லவில்லை.

கொற்றவன்:
அரசு அறிவித்ததெல்லாம் தேவையானது என்று பொருளில்லை. கைபேசி போதும்.

தெற்குவாசல்:
அப்படியானால் உங்கள் மகனைக் கணினியில்லாமல் முதலாம் ஆண்டுக்கு அனுப்பிவிட்டு வந்து எழுதுங்கள்.