ஜூலை 30: நம்ம ஊர் முத்துலட்சுமி அம்மா

அன்பு சொந்தங்களுக்கு வணக்கம்.

வருகிற 30ஆம் தேதி டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பிறந்தநாள். குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகள் சிலருக்கு, மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் பெயராக மட்டுமே அவரைத் தெரிந்திருக்கிறது. அதனால்தான் இந்த மடல்.

1886இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். நம்ம மன்னர் கல்லூரியில் பையன்கள் மட்டும் படித்த காலம் அது. ஒரு பெண்ணைச் சேர்ப்பதா என்று ஊரே எதிர்த்தது. மன்னர் தொண்டைமான் அனுமதி கொடுத்தார். மூடிய வண்டியில் வந்து, திரைக்குப் பின்னால் உட்கார்ந்து பாடம் கேட்டார். அதே கல்லூரியில் நானும் படித்தேன். என்னோடு படித்த பெண்கள் கலகலவென்று பேசிக்கொண்டு வகுப்புக்குள் வரும்போதெல்லாம் எனக்கு அந்தத் திரை ஞாபகம் வரும்.

1912இல் சென்னையில் மருத்துவப் பட்டம். அப்புறம் கல்யாணம், இரண்டு பையன்கள். கூடவே நோயாளிகள், மாதர் சங்கம், சட்டமன்றம். தேவதாசி முறையை ஒழிக்கச் சபையில் நின்று வாதாடினார். அவருடைய தாய் சந்திரம்மாளே அந்த மரபில் வந்தவர் என்பதால், அது அவருக்குச் சொந்த வீட்டு வலி. 1930இல் தேவதாசிக் குடும்பத்துப் பெண் பிள்ளைகள் தங்க இடமில்லாமல் வந்து நின்றபோது தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அவ்வை இல்லம் அப்படித்தான் பிறந்தது.

எனக்கு அவர் மேல் தனிப் பாசம் வந்ததற்குக் காரணம் வேறு. அவருடைய தங்கை புற்றுநோயில் இறந்துபோனார். தானே டாக்டர், ஆனாலும் கூடப்பிறந்தவளைக் காப்பாற்ற முடியவில்லை. அந்தத் துக்கத்தை முப்பது வருஷம் மனசில் சுமந்து, நிதிக்காக ஒவ்வொரு கதவாகத் தட்டினார். 1954இல் அடையாறில் 12 படுக்கையோடு புற்றுநோய் மருத்துவமனை திறந்தது. அப்போது அவருக்கு 67 வயது. மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி வேறெங்கும் போகாமல் கடைசிவரை அங்கேயே உழைத்தார். அம்மா நினைத்ததை முடிக்கத் தன் வாழ்க்கையையே கொடுத்த பிள்ளை. வீட்டில் அவர் எப்படிப்பட்ட தாயாக இருந்திருப்பார் என்று இதை வைத்தே நான் யோசித்துக்கொள்வேன்.

என் பெரியம்மா அங்கேதான் சிகிச்சை எடுத்தார். வார்டில் பக்கத்துப் படுக்கைக்காரர்களிடமெல்லாம், "இதைக் கட்டுனது எங்க ஊர்ப் பொண்ணு தெரியுமா" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். குணமாகி, அதற்குப் பிறகு 11 வருஷம் நன்றாக இருந்தார்.

நம்மில் நிறைய பேருக்கு அடையாறோடு இப்படி ஏதாவது தொடர்பு இருக்கும். இருந்தால் எழுதுங்கள். விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள் சென்னையில் இறங்கியதும் ஒரு மணி நேரம் ஒதுக்கி அவ்வை இல்லத்துக்குப் போய் வாருங்கள். நான் டிசம்பரில் போகிறேன், கூட வருகிறவர்கள் சொல்லுங்கள்.