அம்மம்மாவின் வளவைப் படமாக்குவது எப்படி?

கேள்வி:
1990 யூனில் போரினால் யாழ்ப்பாணத்தின் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தபோது அம்மம்மா கொண்டுவந்தவை காணி உறுதியும் (நிலப் பத்திரம்) மூன்று ஒளிப்படங்களும் மட்டுமே. இராணுவத்தின் பிடியிலிருந்த காணி விடுவிக்கப்பட்டுவிட்டது, கிணற்றுக்கட்டும் படலையின் ஒரு தூணும் மிஞ்சியுள்ளன. எங்கள் குடும்பத்தின் நினைவை ஒளிப்படத் தொடராக்க விரும்புகிறேன். இடிபாடுகளை மட்டும் எடுத்தால் அங்கு வாழ்ந்த வாழ்க்கை மறைந்துவிடுமோ என்று அஞ்சுகிறேன். எங்கிருந்து தொடங்கலாம்?

மறுமொழி 1:
உறுதியிலிருந்து தொடங்குங்கள். ஆண்டு முழுதும் ஓடும் ஆறுகளற்ற, சுண்ணக்கல் நிலமான யாழ்ப்பாணத்தில் கிணறே வளவின் உயிர் என்பதால், பழைய உறுதிகள் பலவற்றில் எல்லைகளோடு கிணற்றுப் பங்கும் வழிவாய்க்காலும் (கிணற்றுக்குப் போகும் வழி, நீரோடும் வாய்க்கால் ஆகியவற்றின் உரிமை) எழுதப்பட்டிருக்கும். உங்கள் உறுதியிலும் அவ்வாறிருந்தால், அந்தக் கிணற்றுப் பங்காளிகள் இன்று எங்கு வாழ்கிறார்கள் என்று தேடி, அவர்களையும் அவர்களது வீடுகளிலேயே படமெடுங்கள். அப்போது உங்கள் தொடர் ஒரு வீட்டைத் தாண்டி ஓர் அயலையே மீட்டெடுக்கும். அம்மம்மாவால் நடக்க முடியுமானால் வளவுக்கு அழைத்துச் சென்று, அவர் விரும்பிய இடங்களில் நிற்கவிடுங்கள். அவர் சொல்வதை ஒலிப்பதிவு செய்யத் தவறாதீர்கள். எனது அப்பாச்சியின் குரலைப் பதியாமல் இழந்தவன் என்பதாலேயே இதை வற்புறுத்துகிறேன்.

மறுமொழி 2:
மூன்று படங்களையும் முதலில் ஸ்கான் செய்யுங்கள். பின்புறத்தையும் சேர்த்து, குறைந்தது 600 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள்). கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் உரிக்க வேண்டாம். படத்திலிருப்போரின் பெயர்களைப் பின்புறத்தில் மென்மையான பென்சிலால் மட்டும் எழுதுங்கள்.

மறுமொழி 3:
அயலவரின் படங்களை வெளியிடுமுன் அவர்களுக்குக் காட்டிச் சம்மதம் பெறுங்கள். திரும்பி வந்தவர் எல்லோரும் தமது வெறுமையைப் பிறர் பார்ப்பதை விரும்புவதில்லை.

கேட்டவர்:
உறுதியை இன்று விரித்துப் பார்த்தோம். கிணற்றில் நால்வருக்குப் பங்குண்டு. இருவரை அம்மம்மா உடனே அடையாளம் சொன்னார்.